ஈரோட்டுப் பதிவகம் ஒன்றின் 23 ஏடாட் நாடாக்கள்: கணினிக்கு மாற்ற வழி தேவை

#1 நொய்யல்மேடு (காங்கேயம்)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா 1996 முதல் 2004 வரை ஈரோட்டில் சிறியதொரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார். மாரியம்மன் தாலாட்டு, காவடிச் சிந்து, கும்மிப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று வந்தவையெல்லாம் அங்கே பதிவாயின. கூடத்தை மூடியபோது மிக்ஸர், மைக், கீபோர்டு ஆகிய அனைத்தையும் விற்றுவிட்டவர், இரண்டு அலேசிஸ் ஏடாட் (எட்டுத் தட எண்முறை ஒலிப்பதிவு) இயந்திரங்களையும் 23 நாடாக்களையும் மட்டும் விற்க மனமின்றி ஊருக்குக் கொண்டுவந்து அட்டாலியில் ஏற்றிவைத்தார். சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவற்றைக் கீழே இறக்கினோம்.

அவற்றுள் இரண்டு நாடாக்கள்தாம் என்னை இங்கே எழுத வைத்தன. என் அப்பாரு (அப்பாவின் அப்பா) உடுக்கடிப் பாட்டுக்காரர். அண்ணன்மார் கதையில் படுகளப் பகுதியை அவர் பாடியது 1998இல் கேசட்டாக வெளிவந்தது. அந்தக் கேசட் இன்றும் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அதில் கீபோர்டும் தாளப் பெட்டியும் முன்னே நிற்க, அப்பாருவின் குரல் பந்தலுக்குப் பின்னாலிருந்து வருவதுபோலக் கேட்கிறது. நாடாப் பெட்டியின் மேல் பெரியப்பாவின் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "அ நாடா: 1 உடுக்கை, 2 அப்பா குரல், 3 பின்பாட்டு, 4 ஜால்ரா, 5, 6 பம்பை, 7 சிலம்பு, 8 காலி. ஆ நாடா: 1 முதல் 4 கீபோர்டு, 5, 6 தாளம், 7 நாகசுரம், 8 கைடு." இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய குரல் தனியாக, ஒரு முழுத் தடத்தில், 25 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இயந்திரங்களில் ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, உருளை சுழல்வதில்லை. மற்றொன்று சுழல்கிறது. நாடா எதையும் இன்னும் உள்ளே போட்டுப் பார்க்கவில்லை. ஐந்து நாடாக்களின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தால் சுற்றின் ஓரத்தில் திருநீறு தூவியதுபோல வெள்ளைப் படலம் தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

#2 ஒலித்தடம் (பீளமேடு)

தம்பி, நாடாவை உள்ளே போடாமல் முதலில் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்தது போல. கோவையில் இரண்டு பதிவுக் கூடங்களில் இந்த இயந்திரங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஏடாட் 1991இல் அறிவிக்கப்பட்டு 1992இல் விற்பனைக்கு வந்தது. அதுவரை எண்முறைப் பல்தடப் பதிவு என்பது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் காரியமாக இருந்தது. எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டுத் தடங்களை 16 பிட்டில் எழுதும் இந்தப் பெட்டி வந்த பிறகுதான் ஈரோடு, சேலம் போன்ற ஊர்களிலும் பல்தடப் பதிவு சாத்தியமாயிற்று. எட்டுத் தடம் போதாதவர்கள் இரண்டாவது பெட்டியை வாங்கி, 9 ஊசி ஒத்தியக்கக் கம்பியால் இணைத்து 16 தடமாக்கிக்கொண்டார்கள். அப்படி 16 பெட்டிகள் வரை, அதாவது 128 தடங்கள் வரை, இணைக்க முடியும். உங்கள் பெரியப்பா செய்திருப்பதும் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. 23 நாடாக்களிலும் முதுகுப் பக்கத்தில் இருக்கும் பதிவுத் தடுப்பு நாக்கை உடைத்துவிடுங்கள். பழைய வீடியோ கேசட்டில் செய்வோமே, அதே நாக்குதான். இயந்திரத்தின் முகப்பில் தடத்துக்கு ஒரு பதிவுப் பொத்தான் இருக்கிறது. கை தவறி ஒன்று அழுந்தினாலும் அந்தத் தடம் போய்விடும். பூஞ்சணம் பிடித்த ஐந்தையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பையில் கட்டி வேறு அறையில் வையுங்கள். அப்பாருவின் இரண்டு நாடாக்களைக் கடைசியாக மாற்றுங்கள். முதலில் எது போனாலும் பரவாயில்லை என்று பெரியப்பா சொல்லும் ஒரு விளம்பர நாடாவில் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தின் மேல் மூடியைக் கழற்றிப் படம் எடுத்துப் போடுங்கள். நாடாவை இழுத்துச் செல்லும் ரப்பர் உருளையின் படம் எனக்கு மிக முக்கியம்.

#3 சத்தி_மலையடி

அது வீடியோ கேசட்தானே? எங்கள் வீட்டில் நல்ல நிலையில் ஒரு விசிஆர் இருக்கிறது. அதில் போட்டு, வீடியோ பதிவு அட்டை வழியாகக் கணினியில் எடுத்துப் பிறகு மென்பொருளால் ஒலியைப் பிரிக்க முடியாதா? திருமண வீடியோக்களை நான் அப்படித்தான் மாற்றினேன்.

#4 ஒலித்தடம் (பீளமேடு)

இந்த ஐயம் பலருக்கும் வருவது இயல்பு. கூடு ஒன்றே ஆயினும் உள்ளே எழுதப்பட்டிருக்கும் முறை வேறு. வீடியோ டெக்கில் 120 நிமிடம் ஓடும் நாடா ஏடாட்டில் சுமார் 40 நிமிடமே ஓடும். அவ்வளவு வேகமாக அது நகர்கிறது. எழுதப்பட்டிருப்பதும் படம் அன்று, எண்கள். விசிஆரில் போட்டால் திரையில் இரைச்சல்தான் வரும். ஏடாட் நாடாவைப் படிக்க ஏடாட் இயந்திரம்தான் வேண்டும். 16 பிட் நாடாக்களைப் பின்னர் வந்த 20 பிட் இயந்திரங்களும் படிக்கும். ஆனால் 20 பிட்டில் எழுதியதைப் பழைய இயந்திரம் படிக்காது.

#5 நொய்யல்மேடு (காங்கேயம்)

ஐயா சொன்னபடி நாக்குகளை உடைத்துவிட்டேன். மூடியைக் கழற்றிப் பார்த்ததில் ரப்பர் உருளை கண்ணாடி போலப் பளபளக்கிறது, நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. சுழல் உருளையின் பக்கவாட்டில் இலேசான கறை இருக்கிறது. படங்களை இணைத்துள்ளேன்.

#6 ஒலித்தடம் (பீளமேடு)

அந்த ரப்பர் செத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நாடாவை இயக்கினால் பிடிமானம் இல்லாமல் நாடா மேலோ கீழோ நழுவி மடிந்துபோகும். புது உருளை கிடைத்தால் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

நாடாவைப் படிக்கும் தலைகள் சுழல் உருளையில்தான் இருக்கின்றன. அதைத் துடைக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, அதன் இழை தலைமுனையில் சிக்கினால் தலை உடைந்துவிடும். நூல் பிரியாத மென்தோலை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் வைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேல் விளிம்பைத் தொட்டு மெல்லச் சுற்ற வேண்டும். அசைவது உருளையாக இருக்கட்டும், தோல் அசையக் கூடாது. மேலும் கீழுமாக ஒரு முறை தேய்த்தாலும் தலை போயிற்று. ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், அது ரப்பரை மேலும் காயவைக்கும்.

#7 கதிர்முனை (பல்லடம்)

நான் ஒலித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். நூற்பாலையில் ரோலர் கவரிங் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். #5இல் இருக்கும் படத்தைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

ரிங் ஃப்ரேமில் மேல் ரோலருக்குப் போடும் ரப்பர் காட்ஸ் ஓடி ஓடி இப்படித்தான் பளபளப்பேறி, நடுவில் பள்ளம் விழுந்து நிற்கும். அதை நாங்கள் பஃபிங் இயந்திரத்தில் வைத்து மேல்தோலை மட்டும் மயிரிழை அளவு சீவிவிடுவோம். உள்ளே இருக்கும் ரப்பர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முழுவதும் இறுகியிருந்தால் பழைய ரப்பரை உரித்துவிட்டு அதே அச்சில் புது ரப்பர் ஏற்றி, அளவுக்குச் சாணை பிடிப்போம். கடினத்தன்மையை ஷோர் அளவியால் பார்ப்போம். இந்த உருளை எங்கள் காட்ஸைவிட அகலம் குறைந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. காங்கேயத்திலிருந்து பல்லடம் தொலைவில்லை. கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறேன்.

#8 கீழ்பவானி_82 (கோபி)

கதிர்முனை அண்ணாவின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஓர் ஐயம். மேல்தோலைச் சீவினால் உருளையின் விட்டம் குறையும், விட்டம் குறைந்தால் நாடாவின் வேகம் மாறும், வேகம் மாறினால் சுருதி மாறும் அல்லவா? இசைப் பதிவில் இது பெரிய பிழை ஆகாதா?

#9 ஒலித்தடம் (பீளமேடு)

வேகத்தைத் தீர்மானிப்பது ரப்பர் உருளை அன்று. அதன் எதிரே நிற்கும் மெல்லிய எஃகுத் தண்டுதான் மோட்டாரால் சுழன்று நாடாவை நகர்த்துகிறது. ரப்பர் உருளையின் வேலை நாடாவை அந்தத் தண்டோடு அழுத்திப் பிடிப்பது மட்டுமே. ஆகவே மயிரிழை அளவு விட்டம் குறைந்தால் சுருதிக்கு ஒன்றும் ஆகாது. மேலும், சுருதியை முடிவு செய்வது எண்கள் வெளிவரும் கடிகாரம். நாடாவின் ஓட்டத்தை இயந்திரமே அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியது வேறு. சீவிய பின் உருளை துல்லியமான வட்டமாக இருக்க வேண்டும், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் நாடா அந்தப் பக்கமாக ஏறும். நூல் இழுக்கும் ரோலருக்கும் இதே விதிதான் என்பதால் கதிர்முனைக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு உருளை வரும் வரை காத்திருப்பதைவிட இந்த வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. ஓடாமல் நிற்கும் இரண்டாவது இயந்திரத்தின் உருளையை முதலில் சீவிப் பாருங்கள், அது சரியானால் இதற்கு மாற்றுங்கள்.

#10 நொய்யல்மேடு (காங்கேயம்)

நேற்றுப் பல்லடம் சென்று வந்தேன். இரண்டு உருளைகளையும் அண்ணன் அளந்து பார்த்தார். ஒன்று ஆழம் வரை இறுகிவிட்டது. மற்றொன்றின் மேல்தோலைச் சீவியதும் உள்ளே கறுப்பாக, மென்மையாக, புது ரப்பர் மணத்தோடு இருந்தது. கையில் எடுத்து மேசைக் கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினார். ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக ஓடியது. காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பொது இடத்தில் அவருக்கு என் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

அடுத்து இணைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். பெரியப்பா வைத்திருந்த 56 ஊசித் தடித்த கம்பி ஒன்று இருக்கிறது. அதை வைத்து எட்டு ஒலி உள்ளீடு உள்ள இடைமுகத்தில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியில்) எடுத்தால் போதுமா, அல்லது பின்புறம் இருக்கும் ஒளியிழைத் துளை வழியாகத்தான் எடுக்க வேண்டுமா?

#11 மின்னலை (காந்திபுரம்)

ஒளியிழையைப் பயன்படுத்துங்கள். 56 ஊசிக் கம்பி வழியாக வருவது, எண்கள் ஒரு முறை ஒலியலையாக மாறி வெளிவந்த பின்பு கிடைக்கும் நகல். அதை உங்கள் இடைமுகம் மீண்டும் எண்ணாக்கும். ஒளியிழை வழியாக வருவது நாடாவில் எழுதியிருக்கும் அதே எண்கள். ஒரே டாஸ்லிங்க் கம்பியில் எட்டுத் தடங்களும் ஒருசேர வந்துவிடும். ஒலி அளவு வைக்கும் வேலையும் இல்லை.

இடைமுகத்தில் ஏடாட் வடிவ ஒளியிழை உள்ளீடு இருக்க வேண்டும். துளை ஒன்றுபோலவே இருந்தாலும் டிவியில் இருக்கும் இரண்டு தட ஒளியிழை வேறு என்பதை மறக்க வேண்டாம். ஆர்எம்இ டிஜிஃபேஸ் யுஎஸ்பியில் இத்தகைய உள்ளீடுகள் நான்கு உண்டு, 48 கிலோஹெர்ட்ஸில் (தடத்துக்கு நொடிக்கு 48,000 எண்கள்) 32 தடம் வரை எடுக்கும். பழைய பிசிஐ துளை உள்ள கணினி வைத்திருந்தால் அதே நிறுவனத்தின் எச்டிஎஸ்பி 9652 அட்டையும் பொருந்தும். அதில் மூன்று ஒளியிழை உள்ளீடுகளோடு ஏடாட் ஒத்தியக்க உள்ளீடும் இருக்கிறது.

இங்கே பலர் தவறும் இடம் கடிகாரம். நாடா இயந்திரமே தலைமைக் கடிகாரமாக இருக்க வேண்டும். இடைமுகத்தின் அமைப்பில் ஒத்தியக்க மூலத்தை ஏடாட் உள்ளீடு என்று மாற்றி, அது பூட்டிக்கொண்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். உள் கடிகாரத்தில் விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகி, சில நொடிகளுக்கு ஒரு முறை "டிக்" என்று ஒரு சொடுக்கு விழும். அதை நாடாவின் கோளாறு என்று எண்ணி நல்ல நாடாவைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு தடம் நிமிடத்துக்கு 5.76 மெகாபைட். எட்டுத் தடம், 40 நிமிடம் என்றால் ஒரு நாடா 1.85 கிகாபைட்டுக்குள் அடங்கும். 23 நாடாக்களும் சேர்ந்து 43 கிகாபைட்டைத் தாண்டா. ஆகவே சுருக்கம் எதுவும் செய்யாமல் வேவ் கோப்பாகவே வையுங்கள், மூன்று இடங்களில் வையுங்கள்.

#12 நொய்யல்மேடு (காங்கேயம்)

நன்றி அண்ணா. டிஜிஃபேஸை ஒரு நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறேன். ஆனால் இயங்குவது ஓர் இயந்திரம் மட்டுமே. அப்பாருவின் பாட்டு இரண்டு நாடாக்களில் பரவியிருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்தால், பாட்டு போகப்போகக் குரலும் கீபோர்டும் விலகிப் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். கேசட்டுகளை இப்படிச் சேர்க்க முயன்றபோது எனக்கு அதுதான் நடந்தது.

#13 மின்னலை (காந்திபுரம்)

கேசட்டில் விலகும், இதில் விலகாது. காரணத்தைப் புரிந்துகொண்டால் அச்சம் போய்விடும். பதிவின்போது இரண்டு இயந்திரங்களும் ஒரே கடிகாரத்தில் பூட்டப்பட்டிருந்தன. அ நாடாவில் உடுக்கையின் முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் இடையே எத்தனை சாம்பிள்கள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்) உண்டோ, அதே கால அளவுக்கு ஆ நாடாவிலும் அத்தனை சாம்பிள்களே உண்டு. ஒளியிழை வழியாக, இயந்திரத்தைத் தலைமைக் கடிகாரமாக வைத்து எடுக்கும்போது அந்த எண்ணிக்கை அப்படியே கணினிக்கு வருகிறது. இன்று இயந்திரம் சற்று மெதுவாக ஓடினாலும் எண்ணிக்கை மாறாது. எனவே மிஞ்சுவது ஒரே வேலை: தொடக்கப் புள்ளியை ஒரு முறை சரியாகப் பொருத்துவது. அதைப் பொருத்தினால் கடைசி வரை பொருந்தியே இருக்கும். ஒலிக்கம்பி வழியாக எடுத்திருந்தால் நீங்கள் அஞ்சியது நடந்திருக்கும்.

தொடக்கப் புள்ளிக்கும் உங்கள் பெரியப்பா வழி வைத்திருக்கிறார். ஆ நாடாவின் எட்டாம் தடம் "கைடு" என்று எழுதியிருக்கிறதே, கீபோர்டு வாசித்தவர் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்காக அ நாடாவின் குரலையோ உடுக்கையையோ அதில் நகல் செய்திருப்பார். அந்த அலையையும் அ நாடாவின் அலையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, பெரிதாக்கி, உடுக்கையின் ஒரே அடியின் முனையை நேருக்கு நேர் நிறுத்துங்கள்.

#14 ஆழியாறு_ஓசை (பொள்ளாச்சி)

பூஞ்சணத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு ஜூன் மாதம் வரும் ஈரத்தால் வீடியோ நாடாக்கள் பலவற்றை இழந்திருக்கிறேன். காங்கேயம் அவ்வளவு ஈரமான ஊர் அன்று. உங்கள் ஐந்து நாடாக்களும் அட்டாலியில் ஓடு ஒழுகிய பக்கம் இருந்திருக்க வேண்டும்.

மாசி, பங்குனி வெயில்தான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். ஆயினும் வெயிலில் நேராகக் காயவைக்காதீர்கள். மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வைத்தால் பூஞ்சணம் காய்ந்து பொடியாகும். பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, கூட்டின் அடிப்பக்க ஐந்து திருகாணிகளைக் கழற்றி, இரண்டு சுருள்களையும் வெளியே எடுத்து, மென்தூரிகையால் ஓரங்களைத் துடைக்க வேண்டும். நாடாவைக் கையால் மெல்லச் சுற்றியபடி இழை பிரியாத துணிக்கு இடையே ஒரு முறை முழுவதும் கடத்திவிட்டு, புதிய கூட்டுக்குள் சுருள்களை மாற்றிவிடுங்கள். 40 நிமிட நாடாவைக் கையால் சுற்ற ஒரு முற்பகல் பிடிக்கும். பொறுமை இல்லாவிட்டால் தொடாமல் இருப்பதே நல்லது.

#15 தாராபுரத்தான்

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் டாஸ்காம் டிஏ-88இல் பதிவான ஹை8 நாடாக்கள் நான்கு உள்ளன. இவற்றுக்கும் இதே வழிதானா?

#16 மின்னலை (காந்திபுரம்)

கொள்கை ஒன்று, கருவி வேறு. டிஏ-88 வந்தது 1993இல். அதுவும் எட்டுத் தடம், 16 பிட், ஒரு நாடாவில் 108 நிமிடம் வரை. அதில் ஒளியிழை இல்லை. டிடிஐஎஃப் எனப்படும் 25 ஊசி இணைப்பு வழியாக எடுத்து, ஏடாட் ஒளியிழையாக மாற்றும் பெட்டி ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். கணினிக் கடையில் கிடைக்கும் 25 ஊசிக் கம்பி பார்வைக்கு அதே போல இருந்தாலும் உள்ளிணைப்பு வேறு, அதைச் செருகாதீர்கள். தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

#17 நொய்யல்மேடு (காங்கேயம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 16 நாடாக்கள் முடிந்தன. முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூஞ்சணம் பிடித்தவற்றுள் 14ஆம் நாடாவில் மிகக் குறைவாகவே படலம் இருந்தது. வரிசையாக எல்லாம் நன்றாக ஓடிய நம்பிக்கையில், வெளிக்கூட்டை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே போட்டுவிட்டேன். நான்கு நிமிடம் ஓடியது. பிறகு எண் காட்டியின் கீழ் மூலையில் ஒரு புள்ளி எரியத் தொடங்கி, எரிந்துகொண்டே இருந்தது. படிக்க முடியாத இடங்களை இயந்திரம் ஊகித்து நிரப்புகிறது என்பதற்கான அடையாளம் அது. நான் நிறுத்துவதற்குள் பாதித் தடங்கள் ஊமையாயின. வெளியேற்றும்போது நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு, விரற்கடை நீளத்துக்கு மடிந்தது. அது சென்னிமலை முருகன் காவடிச் சிந்து. பாடிய அம்மையார் இன்னும் இருக்கிறார்; அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அன்று மாலை முழுவதும் தோலும் ஆல்கஹாலுமாக உருளையைச் சுத்தம் செய்தேன். ஆழியாறு ஐயா சொன்ன முற்பகலை நான் ஒதுக்கியிருக்க வேண்டும். மற்ற நான்கையும் அவர் சொன்னபடியே செய்து, நான்கும் குறையின்றி வந்தன.

இன்னொரு பயனுள்ள செய்தி. ஒவ்வொரு நாடாவையும் இரண்டு முறை எடுத்தேன். இரண்டு நகல்களையும் நேராக நிறுத்தி, ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டினால் முழு அமைதி வர வேண்டும். ஏனெனில் எண்கள் ஒன்றே. எங்கே "கிர்" என்று ஏதேனும் மிஞ்சுகிறதோ அந்த இடத்தில் இரண்டு ஓட்டங்களுள் ஒன்று பிழையாகப் படித்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும் மூன்றாம் முறை ஓட்டினேன். நாடாவைச் செருகுவதும் எடுப்பதும் எப்போதும் தொடக்கத்தில், இசைக்கு முன்பு இருக்கும் சுமார் இரண்டு நிமிட வெற்றுப் பகுதியில் மட்டுமே.

நேற்று அப்பாருவின் நாடாக்களை எடுத்தேன். இரண்டும் குறையில்லாமல் வந்தன. ஆனால் குரலைக் கேட்டதும் மனம் ஒப்பவில்லை. அவர் குரல் கனமானது. இதில் மெலிந்து, அவசரமாக, வேறு யாரோ பாடுவதுபோல இருக்கிறது. கேசட்டில் 5 நிமிடம் ஓடும் முதல் பகுதி இதில் 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடுகிறது. இயந்திரம் கெட்டுவிட்டதா?

#18 கீழ்பவானி_82 (கோபி)

கேசட் டெக் மெதுவாக ஓடியிருக்கலாம் அல்லவா? பழைய டெக்குகளில் பெல்ட் தளர்ந்தால் அப்படி ஆகும்.

#19 ஒலித்தடம் (பீளமேடு)

தளர்ந்த பெல்ட்டால் ஒன்றிரண்டு சதவீதம் மாறும். இது எட்டு சதவீதத்துக்கு மேல். தம்பி, இயந்திரம் கெடவில்லை. உங்கள் பெரியப்பா அந்தப் பாட்டை 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருக்கிறார்.

கறுப்பு முகப்புள்ள முதல் ஏடாட்டில் 44.1 என்று தனிப் பொத்தான் கிடையாது. அதன் இயல்பு 48தான். சுருதிப் பொத்தானால் 100 சென்ட் (ஓர் அரைச்சுரம்) மேலேயும் 300 சென்ட் கீழேயும் நகர்த்தலாம். 147 சென்ட் கீழே இறக்கினால் கடிகாரம் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு வரும். குறுந்தகடும் 44.1 என்பதால், பின்னால் தகடாக வெளியிடும் எண்ணம் இருந்தவர்கள் இப்படி இறக்கிவைத்துப் பதிவு செய்வது வழக்கம். அந்த நாடாவை இறக்காமல் ஓட்டினால் ஏறத்தாழ முக்கால் கட்டை உயர்ந்து, விரைந்து ஒலிக்கும். ஐந்து நிமிடத்தை 44.1ஆல் பெருக்கி 48ஆல் வகுத்துப் பாருங்கள்: 275.6 நொடி. நீங்கள் கண்ட அதே 4 நிமிடம் 36 நொடி.

நாடாவை மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை. உங்களிடம் இருக்கும் எண்கள் சரியானவை, அவற்றின் மேல் ஒட்டிய சீட்டுதான் தவறு. கோப்பின் தலைப்பில் 48000 என்று இருப்பதை 44100 என்று மாற்றுங்கள், அவ்வளவுதான். மென்பொருள் "மறுமாதிரி எடுக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது எண்களையே மாற்றிவிடும். மற்ற 21 நாடாக்களிலும் எவை எவை இப்படிப் பதிவானவை என்று பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.

#20 நொய்யல்மேடு (காங்கேயம்)

ஐயா, பெரியப்பாவுக்கு இப்போது வயது 79, காது சற்று மந்தம். "44.1" என்று தாளில் எழுதிக் காட்டியதும் நாடாப் பெட்டிகளைக் கேட்டார். மூலையில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்த ஆறு பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்தார். அந்தப் புள்ளிகளை நான் மை சிந்தியது என்று எண்ணியிருந்தேன்.

ஆறு நாடாக்களின் கோப்புகளுக்கும் தலைப்பை மாற்றினேன். பிறகு அ நாடாவின் இரண்டாம் தடத்தை மட்டும் திறந்து, தலையணி ஒலிப்பானைப் பெரியப்பாவின் காதில் வைத்தேன். பாட்டு தொடங்குவதற்கு முன் பதினைந்து நொடி இருக்கிறது. அப்பாரு தொண்டையைச் செருமுகிறார். உடுக்கையின் கயிற்றை இழுத்துப் பார்க்கும் சிறிய முனகல் கேட்கிறது. "ஆரம்பிக்கட்டுமாடா?" என்கிறார். எங்கோ கண்ணாடிக்கு அப்பால் இருந்து, அவருடைய மைக்கில் எட்டியும் எட்டாமலும், 27 ஆண்டுகளுக்கு முந்தைய பெரியப்பாவின் குரல் "ம்" என்று பதில் சொல்கிறது. கேசட்டில் இந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. பெரியப்பா கையை உயர்த்தி, திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

கைடு தடத்தை வைத்து இரண்டு நாடாக்களையும் பொருத்திவிட்டேன். கடைசி உடுக்கையடி வரை விலகவில்லை. எதையும் வெட்டாத மூலக் கோப்புகளை மூன்று வட்டுகளில் ஏற்றி, ஒன்றைப் பல்லடத்தில் கதிர்முனை அண்ணன் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். எஞ்சியிருக்கும் ஐந்து நாடாக்களை ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டு, மடிந்துபோன 14ஆம் நாடாவைப் பற்றிக் கேட்க மீண்டும் இங்கே வருகிறேன். அந்த மடிப்பை எப்படி நீவுவது என்று தெரிந்தவர்கள் அதற்குள் எழுதிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#21 ஆழியாறு_ஓசை (பொள்ளாச்சி)

14ஆம் நாடாவைத் தேய்ப்புப் பெட்டிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். கூட்டைத் திறந்து, மடிந்த பகுதியைப் பின்புறம் மேலாக இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் பரப்பி, மென்துணி சுற்றிய விரலால் ஒரே திசையில் நீவுங்கள். அந்த விரற்கடை போனாலும் காவடிச் சிந்தில் ஒரு நொடிகூட ஆகாது. அம்மையாரிடம் போகும்போது முதல் நான்கு நிமிடத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.